எத்தனை சாக்கெட் வேண்டும்?

எஞ்சின் ஆயில், பிரேக் பேட், ஸ்பார்க் பிளக், பேட்டரி, சக்கரம் கழற்றி மாட்டுவது ஆகிய வேலைகளை இனி வீட்டிலேயே செய்துகொள்ள நினைக்கிறீர்கள். போல்ட், நட்டுகளின் தலையில் செருகித் திருகும் குழல் வடிவச் சாக்கெட்டுகள் உட்பட 108 உருப்படிகள் கொண்ட கருவிப் பெட்டி ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அதை வாங்கலாமா, சாக்கெட்டின் உட்புறம் ஆறு முனையா பன்னிரண்டு முனையா, அங்குல அளவுகளும் தேவைப்படுமா, நண்பரிடம் உள்ள, அடித்து அடித்துத் திருகும் இயந்திரமான இம்பாக்ட் ரெஞ்சில் இதே சாக்கெட்டுகளை மாட்டலாமா என்பவை உங்கள் கேள்விகள். சுருக்கமான பதில்: அந்தப் பெட்டி வேண்டாம், ஆறு முனை, அங்குலம் வேண்டாம், மாட்டக் கூடாது. காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். அவை தெரிந்தால்தான் விற்பவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாமல் வாங்கிவர முடியும்.

108 என்ற எண்ணிக்கையை எப்படி நிரப்புகிறார்கள் என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் பிட்டுகள் பெரும்பங்கு. ஆலன் சாவிகள் ஒரு கொத்து. 4, 4.5, 5, 5.5 மி.மீ. என்று காரில் அநேகமாகத் தொடவே வாய்ப்பில்லாத பொடிச் சாக்கெட்டுகள் ஒரு வரிசை. பிறகு அதே 10 மி.மீ. சாக்கெட் குட்டையாக ஒன்று, நெட்டையாக ஒன்று, பெரிய ராட்செட்டுக்கென்று (சாக்கெட்டை மாட்டி, முன்னும் பின்னும் அசைத்துத் திருகும் கைப்பிடி) இன்னொன்று. இவ்வளவும் இருக்கும், ஆனால் தேவைப்படும் நாளில் 16 இருக்காது, அல்லது 18 இருக்காது. இதைவிட மோசம், இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் சாக்கெட் மாட்டும் சதுர முனை கால் அங்குலம் உள்ள ராட்செட்டும் அரை அங்குலம் உள்ள ராட்செட்டும் மட்டும் இருக்கும். கார் வேலையில் அதிகம் கைக்கு வரும் 3/8 அங்குலம் இருக்காது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவனுக்கு ஊறுகாயும் பாயசமும் பரிமாறிவிட்டுச் சோற்றை மறந்த கதைதான்.

ஆகவே பெட்டியை மறந்துவிட்டு உங்கள் காரின் போல்ட்டுகளிலிருந்து தொடங்குங்கள். போல்ட்டின் பெயரில் வரும் எண்ணும் சாக்கெட்டின் எண்ணும் வேறு வேறு. எம்8 என்றால் மரையின் விட்டம் 8 மி.மீ. என்று பொருள், சாக்கெட் பிடிப்பது தலையை. எம்6 போல்ட்டின் தலை பெரும்பாலும் 10 மி.மீ. இருக்கும். எம்8 போல்ட்டின் தலை ஜப்பானியக் கார்களில் 12, ஐரோப்பியக் கார்களில் 13. எம்10 என்றால் ஜப்பானியக் காரில் 14. ஐரோப்பியக் காரில் 16, பழைய வண்டி என்றால் 17. எம்12க்கு ஜப்பானியக் காரில் 17, ஐரோப்பியக் காரில் 18 அல்லது 19. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் வாங்க வேண்டியவை தாமாகவே குறைந்துவிடும். ஜப்பானிய, கொரிய வண்டி வைத்திருப்பவர் 8, 10, 12, 14, 17, 19, 21 என்ற ஏழு அளவுகளைக் கொண்டு பெரும்பாலான வேலைகளை முடித்துவிடலாம். ஐரோப்பிய வண்டிக்காரருக்கு 8, 10, 13, 15, 16, 17, 18, 21; அதோடு கொஞ்சம் விசேஷ பிட்டுகள், அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஒரு மாலைப்பொழுதில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய ஸ்பேனர் ஒன்றிரண்டை இரவல் வாங்கி, நீங்கள் கழற்றப்போகும் போல்ட்டுகளை மட்டும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். அதுதான் வாங்க வேண்டிய பட்டியல்.

அங்குல அளவைப் பற்றி. சில பத்தாண்டுகளாகக் கார்கள் மெட்ரிக் போல்ட்டுகளோடுதான் வருகின்றன. பழைய அமெரிக்க வண்டியோ பழைய பிரிட்டிஷ் வண்டியோ வைத்திருந்தால் கதை வேறு. குழப்பம் எங்கே வருகிறது என்றால், மெட்ரிக் சாக்கெட்டின் பின்புறம் உள்ள சதுரத் துளை மட்டும் உலகம் முழுக்க அங்குலத்தில்தான் சொல்லப்படுகிறது: கால், 3/8, அரை. முன்பக்கம் மில்லிமீட்டர், பின்பக்கம் அங்குலம். ‘கிட்டத்தட்டப் பொருந்துகிறதே’ என்று அங்குல சாக்கெட்டை மெட்ரிக் போல்ட்டில் போடுவதும் சரியல்ல. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ.; அதை 19ல் போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் 9/16 அங்குலம் 14.29 மி.மீ.; 14 மி.மீ. தலையில் அது தாராளமாக உட்காரும், அந்தத் தாராளத்தில்தான் முனை மழுங்கும்.

ஆறு முனை, பன்னிரண்டு முனை விஷயத்துக்கு என் முதல் ஆயில் மாற்றத்தையே சொல்கிறேன். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அட்டை ஒன்றை விரித்துக் கீழே படுத்தேன். ஆயிலை வடிக்கக் கழற்றும் வடிகுழாய் போல்ட்டின் தலை 14 மி.மீ. யாரோ முன்பு கைவலுவெல்லாம் காட்டி முறுக்கியிருந்தார்கள். என்னிடம் இருந்தது மலிவுப் பெட்டியிலிருந்து எடுத்த பன்னிரண்டு முனை சாக்கெட். மாட்டி இழுத்தேன், அசையவில்லை. இன்னும் இழுத்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். வந்துவிட்டது என்று மகிழ்ந்து பார்த்தால், போல்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுற்றியது சாக்கெட் மட்டும். வெளியே எடுத்துப் பார்த்தபோது தலையின் ஆறு மூலைகளும் பளபளவென்று வழிந்திருந்தன, சாக்கெட்டின் உள்ளே தலைமுடி போல இரும்புச் சீவல். உட்புறத்தில் திருகு வரிகள் உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் ஒன்றை வாங்கிவந்து சுத்தியால் அடித்து ஏற்றித்தான் அதைக் கழற்ற முடிந்தது. மறுநாள் புது போல்ட், புது வாஷர்.

நடந்தது இதுதான். அறுகோணத் தலையை ஆறு முனை சாக்கெட் பிடிக்கும்போது, விசை தலையின் தட்டையான பக்கங்களில், மூலையிலிருந்து சற்றுத் தள்ளி விழுகிறது. நல்ல சாக்கெட்டுகளின் உள்மூலைகள் வேண்டுமென்றே வளைத்துக் குடையப்பட்டிருப்பதும் அதற்காகத்தான். போல்ட்டின் மூலை எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். பன்னிரண்டு முனையில் ஒவ்வொரு பள்ளமும் ஆழம் குறைந்தது. அது பிடிப்பது பக்கத்தை விட மூலையை ஒட்டிய சிறு கீற்றைத்தான். துருப்பிடித்த போல்ட், மென்மையான உலோகம், கொஞ்சம் தேய்ந்த சாக்கெட் மூன்றும் சேர்ந்தால் அந்தக் கீற்று போய்விடும்.

பன்னிரண்டு முனைக்கு வக்காலத்து வாங்குபவர்கள் ஒன்று சொல்வார்கள்: ஆறு முனையை 60 டிகிரிக்கு ஒருமுறைதான் மாட்ட முடியும், பன்னிரண்டு முனையை 30 டிகிரிக்கு ஒருமுறை மாட்டலாம், இடுக்கில் அது வசதி என்று. ரிங் ஸ்பேனருக்கு இது முழு நியாயம். ராட்செட்டில் மாட்டும் சாக்கெட்டுக்கு இந்த வாதம் பெரிதாக நிற்காது. 72 பல் ராட்செட் 5 டிகிரி அசைந்தாலே அடுத்த பல்லைப் பிடித்துவிடும். சாக்கெட்டைக் கழற்றி மாட்டும் வேலையே இல்லை. பன்னிரண்டு முனைத் தலை கொண்ட போல்ட்டுகளும் சில வண்டிகளில் உண்டு, டிரைவ் ஷாஃப்டிலும் எஞ்சின் உட்பகுதிகளிலும். அவற்றுக்குப் பன்னிரண்டு முனைதான் வேண்டும், வேறு வழியில்லை. அப்படி ஒன்று எதிர்ப்படும் நாளில் அந்த ஒரே அளவை வாங்கிக்கொள்ளுங்கள்.

என் வடிகுழாய் போல்ட் வழிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை நான் வெகுகாலம் கழித்துத்தான் கவனித்தேன். சாக்கெட்டின் வாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். போல்ட் எளிதாக நுழையட்டும் என்று விளிம்பில் உள்நோக்கி ஒரு சரிவு வெட்டியிருப்பார்கள். மட்டமான சாக்கெட்டுகளில் இந்தச் சரிவு 2 மி.மீ. வரைகூடப் போகும். போல்ட் தலையின் உயரமே 5 மி.மீ. என்றால், அதில் பாதிக்கு மேல் சற்றுத்தான் உண்மையில் பிடிபடுகிறது. வாங்கும்போது ஒரு போல்ட்டைக் கையில் எடுத்துப்போய் சாக்கெட்டில் செருகி ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்தது டிரைவ் அளவு, அதாவது அந்தச் சதுரத் துளையின் அளவு. சாக்கெட்டும் கைப்பிடியும் ஒரே துண்டாக இருந்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் நிறுவனம் 1920ல் தொடங்கியபோது விற்றது ஐந்து கைப்பிடிகளையும் அவற்றில் மாற்றி மாற்றி மாட்டக்கூடிய பத்து சாக்கெட்டுகளையும். ஐந்து ஐம்பதின் வேலையைச் செய்யும் என்பதுதான் விளம்பரமே. இன்றைக்கும் கணக்கு அதுதான். கைப்பிடி சரியாக இருந்தால் சாக்கெட் குறைவாகவே போதும்.

வீட்டில் ஒரே ஒரு ராட்செட் என்றால் அது 3/8 அங்குலமாக இருக்கட்டும். அதன் கைப்பிடி சுமார் 20 செ.மீ. இருக்கும். ஒரு கையால் 15 கிலோ எடைக்கு ஈடாக இழுத்தால் ஏறத்தாழ 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும். ஆயில் வடிகுழாய், ஸ்பார்க் பிளக், பிரேக் பேடுகளை அழுத்தும் காலிப்பரின் ஊசிகள் எல்லாம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. சக்கர நட்டுகளும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளும் 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். அவற்றுக்கு அரை அங்குலம் வேண்டும். கால் அங்குலம் எதற்கு என்றால், கையைத் தடுப்பதற்கு. 10 மி.மீ. தலை கொண்ட எம்6 போல்ட்டை 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினாலே போதும். அதில் அரை அங்குல ராட்செட்டை மாட்டினால், இறுகிவிட்டது என்று கை உணர்வதற்குள் போல்ட் ஒடிந்து அதன் பாதி அலுமினியத்துக்குள் தங்கிவிடும். ஒடிந்த போல்ட்டை வெளியே எடுக்கும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கும். அடாப்டர் வைத்து ‘எதிலும் எதையும் மாட்டலாம்’ என்பவர்கள் இந்தப் பாதுகாப்பைத்தான் தூக்கி எறிகிறார்கள்.

இறுகிப்போனதைக் கழற்ற ராட்செட்டைப் பயன்படுத்தாதீர்கள். அதன் உள்ளே இருப்பவை சிறு பற்கள். மேலே இரும்புக் குழாயைச் செருகி நீட்டினால் ஒருநாள் அவை நழுவும், உங்கள் விரல் முட்டி எதிரில் இருப்பதில் மோதும். அதற்கென்று இருப்பது பிரேக்கர் பார்: தலையில் ஒரு கீல், மற்றபடி வெறும் எஃகுத் தண்டு. 60 செ.மீ. நீளத் தண்டில் 30 கிலோ எடையை வைத்தால் 175 நியூட்டன் மீட்டருக்கு மேல் கிடைக்கும். விலை குறைவு, பழுதாக ஒன்றுமில்லை, வாங்க மறப்பவர்கள்தான் அதிகம். முடிந்தவரை உங்களை நோக்கி இழுங்கள். தள்ள நேர்ந்தால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள்.

குறித்த அளவு விசையில் முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஒன்று கட்டாயம் வேண்டும், முறுக்குவதற்கு மட்டும். அதைக் கொண்டு கழற்றக் கூடாது; அளவு எட்டியதும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் வகையாக இருந்தால் வேலை முடிந்ததும் அளவைக் கடைசிக் கோட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும். ரெஞ்சுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் என்னும் நேரான நீட்டிப்புத் தண்டைப் போட்டால் அளவு மாறிவிடுமோ என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. கையால் முறுக்கும்போது மாறாது.

குட்டையா நெட்டையா என்றால், தலை வெளியே தெரியும் போல்ட்டுக்குக் குட்டை. சாய்ந்து நழுவும் வாய்ப்பு அதில் குறைவு. நட்டைத் தாண்டி மரை நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில், உதாரணமாகப் பேட்டரியைப் பிடித்திருக்கும் நீண்ட கொக்கிக் கம்பியில், நெட்டைதான் நுழையும். 3/8ல் 10, 12 அல்லது 13, 14 ஆகிய மூன்றை இரு வடிவங்களிலும் வாங்குங்கள். சக்கர நட்டுக்கு வருபவை நெட்டையாக மட்டும் இருந்தால் போதும். எக்ஸ்டென்ஷன் 75 மி.மீ. ஒன்று, 150 மி.மீ. ஒன்று, 250 மி.மீ. ஒன்று. கோணத்துக்கேற்ப வளையும் யுனிவர்சல் ஜாயின்ட்டும் ஒன்று கிடக்கட்டும். ஆனால் அதை மாட்டிக்கொண்டு பலம் காட்ட வேண்டாம்.

பேட்டரியைத் தொடும்போது ஒரு எச்சரிக்கை. எதிர்முனை வயரை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். நேர்முனையில் இருக்கும் 10 மி.மீ. சாக்கெட்டும் ராட்செட்டும் சேர்ந்து வண்டியின் உடலைத் தொட்டால், அந்த ராட்செட் சில நொடிகளில் பழுக்கக் காய்ந்துவிடும்.

ஸ்பார்க் பிளக்குக்குத் தனி சாக்கெட். இன்றைய கார்களில் 16 மி.மீ. அதிகம், பழையவற்றில் 21, சில புதிய எஞ்சின்களில் 14 மி.மீ. மெல்லிய சுவர் பன்னிரண்டு முனை. உள்ளே பிளக்கைப் பிடிக்க ரப்பர் வளையம் உள்ளதும் காந்தம் உள்ளதும் கிடைக்கும். நான் காந்தத்தைத்தான் வாங்குவேன். ரப்பர் சில நேரம் பிளக்கை விடாமல் கவ்விக்கொள்ளும். எக்ஸ்டென்ஷனை இழுத்தால் அது மட்டும் வெளியே வரும், சாக்கெட் ஆழக் குழியின் அடியில் பிளக்கோடு உட்கார்ந்திருக்கும். அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். புதுப் பிளக்கைப் போடும்போது ராட்செட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, எக்ஸ்டென்ஷனை விரல்களால் மட்டும் பிடித்து முதல் சில சுற்றுகளைச் சுற்றுங்கள். மரை தவறினால் விரலுக்குத் தெரியும், ராட்செட்டுக்குத் தெரியாது.

பிரேக்கில்தான் வண்டிக்கு வண்டி மாறும். ஜப்பானியக் கார்களில் காலிப்பர் ஊசிகள் பெரும்பாலும் 12 அல்லது 14 மி.மீ. தலை, காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் 17. ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் ரப்பர் மூடிக்குப் பின்னால் 7 மி.மீ. ஆலன் தலை ஒளிந்திருக்கும். 6 உண்டு, 8 உண்டு, அந்த 7 மட்டும் பெட்டிகளில் அடிக்கடி இருக்காது. பூ வடிவத் தலை கொண்ட போல்ட்டுகளும் அங்கே உண்டு. பூ பள்ளமாக இருந்தால் டார்க்ஸ் பிட், புடைத்து நின்றால் ‘ஈ’ வரிசை டார்க்ஸ் சாக்கெட். பூவைப் போன்றே இருக்கும் பன்னிரு பல் பள்ளம் வேறு வகை. அதில் டார்க்ஸ் பிட்டை அடித்துச் செருகினால் இரண்டும் கெடும். பள்ளத்தில் படிந்த அழுக்கைக் குத்தூசியால் சுரண்டிவிட்டு எண்ணிப் பாருங்கள்: ஆறு இதழா, பன்னிரண்டு பல்லா என்று.

தரத்தைப் பார்க்க முத்திரை உதவும். கையால் இயக்கும் சாக்கெட்டுகளுக்கு டிஐஎன் 3124 (ஜெர்மானியத் தரம்), ஐஎஸ்ஓ 2725 (சர்வதேசத் தரம்) என்ற தரங்கள் உண்டு. அளவு எண் பெரிதாக, ஆழமாகப் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டிக்கு அடியில் அரையிருட்டில் 12க்கும் 13க்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். பணம் கொஞ்சம்தான் என்றால் 3/8 ராட்செட்டுக்கும் 10 முதல் 17 வரையிலான ஆறு முனை சாக்கெட்டுகளுக்கும் நல்லதாகச் செலவிடுங்கள். எப்போதாவது கைக்கு வரும் விசேஷ பிட்டுகள் நடுத்தரமாக இருந்தாலும் பாதகமில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் செருகி வைக்கும் பட்டை ஒன்று வாங்குங்கள். பானெட்டை மூடுமுன் காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருப்பது அநேகமாக 10 மி.மீ.யாகத்தான் இருக்கும், அது எஞ்சினுக்குள் எங்கோ ஒரு மடிப்பில் கிடக்கும்.

நண்பரின் இம்பாக்ட் ரெஞ்ச். பளபளக்கும் குரோம் பூச்சுச் சாக்கெட்டுகள் பெரும்பாலும் குரோம் வனேடியம் எஃகால் ஆனவை, மெல்லிய சுவரும் கூடுதல் கடினமும் கொண்டவை. சீராக இழுக்கும் கைக்கு அது பொருத்தம். இம்பாக்ட் ரெஞ்ச் இழுப்பதில்லை, அடிக்கிறது. அந்த அடியில் கடினமான மெல்லிய சுவர் விரிசல் விட்டுத் தெறிக்கலாம், பூச்சு கத்தி போன்ற சில்லுகளாக உரியலாம். அதற்கென உள்ளவை தடித்த சுவரும் கறுப்பு நிறமும் கொண்ட குரோம் மாலிப்டினம் சாக்கெட்டுகள். சக்கர நட்டு அளவில் ஒன்று மட்டும் வாங்கினால் உங்களுக்குப் போதும். அலாய் சக்கரம் என்றால் நட்டுக் குழி குறுகலாக இருக்கும், தடித்த சாக்கெட் நுழையாமல் போகலாம். மெல்லிய சுவரும் வெளியே பிளாஸ்டிக் உறையும் கொண்ட சக்கர சாக்கெட் அதற்குத் தனியாகக் கிடைக்கிறது. நட்டின் மேல் மெல்லிய உலோக மூடி போர்த்திய வகையாக இருந்தால் அது காலப்போக்கில் உப்பி, 21 நுழையாது, 22 ஆடும் என்ற நிலைக்கு வரும். 21.5 மி.மீ. சாக்கெட் என்று ஒன்று விற்கப்படுவது அதற்காகத்தான். அதை வாங்குவதைவிட நட்டுகளை மாற்றிவிடுவது நல்லது.

இம்பாக்ட் ரெஞ்சால் கழற்றுங்கள். மாட்டும்போது நட்டுகளைக் கையால் மரையில் ஏற்றி, எதிரெதிர் வரிசையில் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். பல சாதாரணக் கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும், உங்கள் வண்டியின் எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்குப் பூட்டு நட் இருந்தால் அதன் சாவியை இம்பாக்ட் ரெஞ்சில் மாட்டவே மாட்டாதீர்கள். அதன் பற்கள் சிறியவை, ஒடிந்தால் சக்கரம் வராது. அந்த ஒரு நட்டை மட்டும் பிரேக்கர் பாரால், கையால் கழற்றுங்கள்.